விரலை மடக்கும் தசை விரலில் இல்லையா? கையில் வெட்டுப்பட்டால் கவனிக்க வேண்டியது என்ன?

திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது அந்த ஊர்க்காரர்களின் கைத்திறன். சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டுவதும், நெல் அறுப்பதும் கைகள்தான். அந்தக் கைக்குள் என்ன இருக்கு?

எலும்பு: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என ஒரு கைக்கு மொத்தம் 27.

தசை: விரலை மடக்கி நீட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன. விரலுக்குள் வருவது கயிறு போன்ற தசைநாண்தான். முழங்கைக்குக் கீழே பிடித்தபடி விரல்களை ஆட்டிப் பாருங்க, தசை அசைவது தெரியும்.

தோல்: வெட்டுப்பட்டால் புதிய செல்கள் உருவாகி காயத்தை மூடிவிடும். சிக்கலே இங்கேதான். விரலை மடக்கும் தசைநாண் முழுசா அறுந்தால் அதன் முனைகள் விலகிப்போகும், தானாக ஒட்டாது. மேலே தோல் ஆறினாலும் விரல் மடங்காது.

என்ன செய்யணும்?

* சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்க.
* காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்.
* வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்க.
* விரலை மடக்கவோ நீட்டவோ முடியலையா, மரத்துப்போகுதா? தோலுக்குத் தையல் போட்டால் மட்டும் போதாது. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்க. புதுச்சேரி ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கு.

காயம் சின்னதுதானேன்னு விட்டுடாதீங்க!