பத்தியமும் பசியும்

ஈரல் நோய் என்றவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் பத்தியம். பருப்பு ஆகாது, முட்டை ஆகாது, கஞ்சியும் மோரும் போதும் என்று பெரியோர் கூறுவர். அன்பினால் பிறந்த கட்டளைதான். ஆனால் அது சரியானதா? இதற்கு விடை காண மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்தது. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராயும் பணி நம் நீலகிரியிலும் நடந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயலானார். அச்சிறு முயற்சி 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் குன்னூரில் பணியாற்றி, குவாஷியோர்க்கர் என்னும் குழந்தை நோயை ஆராய்ந்தார். அந்நோயில் உடல் வீங்கும். ஈரலில் கொழுப்புப் படியும். உணவு குறைந்தால் ஈரல் கெடும் என்பது இதனால் விளங்கியது.

ஈரல் கெட்டால் உடல் என்னாகும்? இது மறுபக்கக் கேள்வி. நியூயார்க்கில் பேடெக், போஸ்ட் என்னும் இரு மருத்துவர்கள் ஈரல் சுருக்க நோயாளிகளுக்குச் சத்துமிக்க உணவையும் பி வைட்டமின்களையும் அளித்தனர். பலர் தேறினர் என்று 1941-இல் எழுதினர். ஆனால் 1952-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டனர். நைட்ரஜன் கலந்த சில பொருள்களைக் கொடுத்தபோது சில நோயாளிகளுக்கு அறிவு மயங்கிற்று. அதுமுதல் புரதம் என்றாலே அச்சம் பிறந்தது. மருத்துவமனைகளிலும் புரதத்தைக் குறைப்பது வழக்கமாயிற்று.

இதில் ஒரு பிழை மறைந்திருந்தது. அறிவை மயக்கும் அமோனியாவை ஈரல் மட்டுமன்றித் தசையும் அகற்றுகிறது. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். தசை கரைந்தால் அமோனியா பெருகும். எதற்கு அஞ்சினார்களோ அதையே அப்பத்தியம் வளர்த்தது! 2004-இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு, மயக்கமுற்ற நோயாளிகளுக்கும் வழக்கமான அளவுப் புரதம் தீங்கு செய்வதில்லை எனக் காட்டியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. பருப்பும் பாலும் தயிரும் இதற்கு ஏற்றவை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. நலமான ஈரல் இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்கும். தழும்பேறிய ஈரலால் அது இயலாது. ஓர் இரவுப் பட்டினியே அவ்வுடலுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினியாகிவிடுகிறது. உடல் தன் தசையையே எரிக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை செய்யும் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்வோம். மாலையில் உண்டவர் மறுநாள் வீடு திரும்பும்வரை வெறும் தேநீரோடு இருந்தால், அவர் உடல் எவ்வளவு தேயும்! பகலில் வேலை செய்பவரும் உறங்குமுன் சிறிது உண்பது நலம். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் ஓராண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, இரவில் அளித்த கூடுதல் ஊட்டம் உடற்புரதத்தைப் பெருக்கியதைக் காட்டியது.

ஊட்டக் குறைவைக் கண்டறிவது எளிதன்று. மகோதரத்தால் வயிற்றில் நீர் சேரும்போது எடைக் கருவி ஏமாற்றும். எடை ஏறும், மனிதர் மெலிவார். ஆகவே மருத்துவர் மேற்கையின் சுற்றளவை அளப்பர். கைப்பிடியின் வலிமையைச் சோதிப்பர். நெற்றிப்பொட்டும் தோளும் குழிந்துள்ளனவா என நோக்குவர். ஓர் அளவு நாடாவே பெருந்துணை புரியும்.

நீர் கோத்தவர் உப்பைக் குறைப்பது தக்கதே. மதுவை அடியோடு விடவேண்டும். ஆனால் மருத்துவரைக் கேளாமல் பருப்பையும் தயிரையும் விலக்குவது பத்தியமன்று; பட்டினி. திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அத்தகைய கல்லூரிகளில் நாளை பயிலப்போகும் மாணவர்களே, நோயாளியிடம் மருந்தைப் பற்றிக் கேட்கும்போதே, 'நேற்றிரவு என்ன உண்டீர்கள்?' என்றும் கேளுங்கள். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.