கார் ஆக்ஸிலில் ஒரு ரப்பர் வளையம்... ‘இது இல்லாமலும் ஓடும்’னு சொன்னா நம்பாதீங்க!

ஸ்ரீரங்கத்துல இருந்து காவிரிப் பாலம் வழியா திருச்சிக்குள்ள வரும்போது, பாலத்தின் இணைப்புகளில் ‘தடக்’னு ஒரு சத்தம் கேட்டா கவலைப்பட வேண்டாம். அது ரோடு போடுற சத்தம். ஆனா, சமயபுரம் தாண்டி நல்ல நாற்கரச் சாலையில் போகும்போதும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ‘ம்ம்ம்’னு ஒரு ரீங்காரம் வருதா? வேகத்தைக் கூட்டினாலோ குறைச்சாலோ அது காணாமப் போகுதா? அப்படின்னா ‘டைனமிக் டேம்பர்’ பற்றி நீங்க தெரிஞ்சுக்கணும்.

எங்கே இருக்கு?

இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை கொண்டவை. இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அங்கிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் போகும் தண்டுகளைத்தான் டிரைவ் ஷாஃப்ட் என்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் ‘ஆக்ஸில்’ என்பார்கள். பல கார்களில் ஒரு தண்டு குட்டை, இன்னொன்று நீளம். அந்த நீளத் தண்டின் நடுவில், உளுந்து வடையில் கம்பியைக் கோத்த மாதிரி கறுப்பாக ஒன்று இருக்கும். அதுதான் டேம்பர்.

என்ன வேலை செய்யுது?

ஒவ்வொரு தண்டுக்கும் அது இயல்பாக அதிரும் வேகம் ஒன்று உண்டு. தண்டு நீளமானால் அந்த வேகம் குறையும். இன்ஜினின் அதிர்வு அதோடு ஒத்துப்போகும்போது தண்டு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். ரீங்காரம் காருக்குள் வரும். டேம்பரின் ரப்பருக்குள் ஓர் உலோக வளையம் இருக்கிறது. தண்டு ஒரு பக்கம் போனால், வளையம் எதிர்ப்பக்கம் போய் ஆட்டத்தை அடக்கும். மிச்சத்தை ரப்பர் வெப்பமாக மாற்றிவிடும்.

1909-ல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. தைவானின் ‘தைபே 101’ கட்டடம் காற்றில் ஆடாமல் இருக்க, 660 டன் எடையுள்ள உருண்டை தொங்குவதும் இதே தத்துவத்தில்தான்.

எடை அதிர்வை மாற்றும் என்பது நம்ம ஊருக்குப் புதுசில்லை. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன், மிருதங்கத்தின் கறுப்புச் சாதம் அதன் நாதத்தை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று ஆராய்ந்து, 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அங்கே எடை தோலோடு ஒட்டியிருக்கும். இங்கே ரப்பரில் மிதக்கும். இரண்டிலும் எவ்வளவு எடை, எந்த இடத்தில் என்பதுதான் விஷயமே!

பணம் போகும் இடம்

ஷாஃப்ட் மாற்றும்போது, விலை குறைவான சிலவற்றில் டேம்பர் இருக்காது. ‘இது இல்லாமலும் ஓடும் சார்’ என்பார்கள். ஓடும்தான். ஆனா, ரீங்காரம் வர ஆரம்பிச்சதும் வீல் பேலன்சிங், டயர்னு தேவையில்லாத செலவு தொடங்கிடும். வேறு மாடல் டேம்பரை மாட்டுவதும் உதவாது. இடம் நகர்ந்தாலும் பலன் குறையும்.

அதேசமயம், எல்லா நடுக்கத்துக்கும் டேம்பரைக் குறை சொல்லாதீங்க:

* அதிக வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், முதலில் வீல் பேலன்சிங் பாருங்க.
* முழுசா ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ சத்தம் வந்தால், வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்.
* ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால், உள்பக்க ஜாயின்ட்.
* பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால், டிஸ்க்.
* திடீர்னு ஆட்டம் வந்தால், ஓரங்கட்டி வீல் நட்டுகளைச் சோதியுங்க. இதில் தாமதம் ஆபத்து.

அடுத்த சர்வீஸில்...

கார் லிஃப்ட்டில் ஏறும்போது ஒரு நிமிஷம் கீழே பாருங்க. டேம்பர் ரப்பரில் வெடிப்பு இருக்கா? ஆயில் கசிந்து ஊறியிருக்கா? கிளாம்ப் தளர்ந்து நகர்ந்திருக்கா? ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வருதா? புது ஷாஃப்ட் வாங்கினால், பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து, டேம்பர் அதே இடத்தில் இருக்கான்னு பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்க.

சில மாடல்களில் நடுவில் ஒரு துணைத் தண்டு வைத்து, இரு பக்கமும் ஒரே நீளமாக்கியிருப்பார்கள். அவற்றில் டேம்பர் இல்லாமலும் இருக்கலாம். அதனால், உங்க காருக்கு நிறுவனம் கொடுத்த ஷாஃப்ட்டில் அது இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது என்றால், விட்டுக்கொடுக்காதீங்க!