ஜெனித் பலூனும் மயங்கிய மூளையும்

வான்பயண வரலாற்றை வாசிக்கையில் நம்மை மீண்டும் மீண்டும் நிறுத்திவிடும் குறிப்பேடு ஒன்றுண்டு. காஸ்தோன் திசாந்தியே என்னும் பிரெஞ்சு அறிவியலாளர், 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், ஏறத்தாழ ஏழாயிரம் மீட்டர் உயரத்தில், பலூன் கூடையில் இருந்தவாறு எழுதியது அது. கைகள் விறைத்துவிட்டன என்கிறார். தாமும் தோழர்களும் நலம் என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். தோழர் இருவரும் கண்களை மூடுவதைக் கண்டு குறிக்கிறார். அதில் அவருக்கு அச்சம் ஏதும் தோன்றவில்லை. முடிவில், சிவேல் பாரத்தைக் கொட்டுகிறார் என்பதையே இருமுறை எழுதுகிறார். எழுத்து அங்கே சிதைந்துபோகிறது. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு, கை தளர்ந்த எழுத்தும் கருத்துத் தளர்ந்த எழுத்தும் வேறுவேறு என்பது தெரியும். இங்கே இரண்டும் ஒருங்கே தளர்ந்திருக்கின்றன.

அன்று முற்பகல் பாரிசின் லா வில்லெத் பகுதியிலிருந்து 'ஜெனித்' என்னும் அந்தப் பலூனில் எழுந்தவர்கள் மூவர்: திசாந்தியே, பொறியாளர் குரோசே ஸ்பினெல்லி, கடலோடியாக இருந்து வானோடியாகிய தியோதோர் சிவேல். இவர்களை அறியாமையால் மாண்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. குரோசே ஸ்பினெல்லியும் சிவேலும் முந்தைய ஆண்டே உடலியல் அறிஞர் போல் பேரின் ஆய்வுக்கூடத்தில், காற்றழுத்தம் குறைக்கப்பட்ட இரும்பு அறைக்குள் அமர்ந்து, உயிர்வளி குன்றினால் என்ன நேரும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர்கள். அந்த அனுபவத்தோடு 1874 மார்ச்சில் ஏழாயிரம் மீட்டரைக் கடந்து நலமாகத் திரும்பியவர்கள். ஜெனித்திலும் உயிர்வளி மிகுந்த காற்றைப் பைகளில் அடைத்துக் கொண்டுசென்றனர். அவ்வளவு போதாது என்று எச்சரித்து போல் பேர் எழுதிய கடிதம் காலந்தாழ்ந்தே வந்து சேர்ந்தது. இருப்பது குறைவு, ஆகவே உண்மையிலேயே தேவைப்படும்போது சுவாசிப்போம் என்று மூவரும் முடிவு செய்தனர்.

சிக்கனம் என்ற அளவில் நல்ல முடிவுதான். ஆனால் தேவை வந்துவிட்டது என்று சொல்லவேண்டியது மூளையல்லவா?

காற்றில் உயிர்வளியின் விகிதம் உயரத்தில் மாறுவதில்லை. எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மாறுவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் காட்டும் பாரமானி, எண்ணாயிரம் மீட்டரை நெருங்கிய ஜெனித்தில் 280 காட்டியது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் ஏற்கும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை. ஆகவே பஞ்சம் வந்தால் முதலில் தடுமாறுபவற்றுள் ஒன்று, தன் நிலையைத் தானே எடைபோடும் ஆற்றல். மூச்சுமுட்டலின் வேதனை பெரும்பாலும் கரியமிலவாயு தேங்குவதால் எழுவது. உயரத்தில் அது மூச்சோடு தடையின்றி வெளியேறிவிடுவதால் அந்த எச்சரிக்கையும் ஒலிப்பதில்லை. திசாந்தியே பின்னர் எழுதியபடி, அந்நேரத்தில் அவர் உணர்ந்தது துன்பமன்று. ஒளிவெள்ளத்தில் மிதப்பது போன்ற அக மகிழ்ச்சி. உயிர்வளிக் குழாயைப் பற்ற நினைத்தார், கை எழவில்லை. எண்ணாயிரம் மீட்டரைத் தொட்டுவிட்டோம் என்று கூவ நினைத்தார், நா அசையவில்லை. பிற்பகல் ஒன்றரை மணியளவில் நினைவிழந்தார்.

இடையில் ஒருமுறை அவர் விழித்தபோது பலூன் இறங்கிக்கொண்டிருந்தது. குரோசே ஸ்பினெல்லியும் விழித்தார். விழித்தவர், கனத்த ஆய்வுக்கருவி ஒன்றைக் கூடைக்கு வெளியே தள்ளிவிட்டார். பாரம் குறைந்த பலூன் மீண்டும் மேலேறியது. நமக்கு இந்த வரலாற்றிலேயே ஆறாத இடம் இதுதான். இறங்கினாலே பிழைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கையை இயக்கியது, தெளிவாக இருப்பதாகத் தன்னை நம்பிக்கொண்டிருந்த மூளை. மூன்றரை மணியளவில் திசாந்தியே மறுபடி கண் திறந்தபோது தோழர் இருவரும் முகம் கறுத்து, வாயில் குருதியோடு இறந்துகிடந்தனர். கருவிகள் பதிவுசெய்த உச்ச உயரம் ஏறத்தாழ 8600 மீட்டர்.

1978இல் மெஸ்னரும் ஹேபலரும் உயிர்வளி உருளையின்றியே எவரெஸ்ட் உச்சியை அடைந்தனரே என்று கேட்கலாம். அவர்கள் வாரக்கணக்கில் உடலைப் பழக்கி ஏறியவர்கள். ஜெனித் அவ்வுயரத்தை எட்ட எடுத்துக்கொண்டது சில மணிநேரமே.

போல் பேர் 1878இல் வெளியிட்ட காற்றழுத்தம் பற்றிய பெருநூலை, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்கள். இன்று விமானி முகமூடி அணிவது தன் உணர்வைக் கேட்டல்ல, உயரமானி காட்டும் எண்ணைப் பார்த்து. பிறருக்கு உதவுமுன் உங்கள் முகமூடியை அணியுங்கள் என்று விமானத்தில் சொல்லப்படுவதும், அதைக் கேட்டு நாம் சன்னல்பக்கம் திரும்பிக்கொள்வதும் வழக்கமே.

திசாந்தியே செவித்திறன் கெட்டுப் பிழைத்தார். ஆயினும் 1883இல், தம் அண்ணன் ஆல்பருடன், மின்விசையால் இயங்கும் வான்கலம் ஒன்றில் மீண்டும் பறந்தார். பாரிசின் பெர் லாஷேஸ் இடுகாட்டில் மற்ற இருவரும் ஒரே கல்லறையில், அருகருகே கைகோத்துப் படுத்திருக்கும் வெண்கலச் சிலைகளாக இருக்கிறார்கள்.