தலைநகரங்கள் விட்டுச் சென்றவை

கொழும்புத் தேசிய நூதனசாலையின் வரலாற்றுக் கூடங்களை அரசர் பெயரால் பிரிக்கவில்லை. ஊர்ப் பெயரால் பிரித்திருக்கிறார்கள். முதலில் அநுராதபுரம், அடுத்தது பொலன்னறுவை. யாப்பகூவா, கம்பளை போன்ற குறுங்காலத் தலைநகர்களுக்குச் சேர்த்து ஒரு கூடம். பிறகு கண்டி. அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அரசிருக்கையாக இருந்தது. யாப்பகூவாவோ முதலாம் புவனேகபாகுவோடு சரி.

தலைநகர் பெயர்ந்தபோதெல்லாம் கூடவே போனது புத்தரின் தந்ததாது. அதை வைத்திருந்தவனுக்கே அரசுரிமை என்று நாடு நம்பியது. பொலன்னறுவையில் அந்தத் தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. யாப்பகூவாவில் இருந்து ஆரியச்சக்கரவர்த்தி என்ற படைத்தலைவன் தாதுவைக் கவர்ந்து பாண்டியன் குலசேகரனிடம் சேர்த்தான் என்றும், மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் போய் அதை மீட்டான் என்றும் சூளவம்சம் என்ற வரலாற்று நூல் கூறும். தாது இன்று கண்டித் தலதா மாளிகையில். ஆகவே தலைநகரை நடத்திச் சென்ற பொருள் நூதனசாலையில் இல்லை. தூக்கிப் போக முடியாமலோ மண்ணுக்குள் மறைந்தோ தங்கியவைதான் பெரும்பாலும் இங்கே வந்து சேர்ந்தன. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசர், நாயன்மார் செப்புத் திருமேனிகள், யாப்பகூவாவின் கற்சாளரம். ஒரே பலகைக் கல்லைத் துளைத்து வட்டம் வட்டமாக்கி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் உருவத்தை வைத்த அந்தச் சாளரத்தைப் பார்த்தால், அதைச் செதுக்கியவன் இன்னும் சில ஆண்டுகளில் ஊர் காலியாகும் என்று நினைத்திருப்பான் என்று தோன்றவில்லை.

நகர்களை ஒற்றை வரிசையில் நிறுத்தும் இந்த முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கோட்டையும் சீதாவக்கையும் கண்டியும் நல்லூரும் ஒரே வேளையில் அரசிருக்கைகள். வரிசை அதைச் சொல்லாது. யாழ்ப்பாண அரசின் நல்லூருக்குத் தனிக் கூடமும் கிடையாது.

கண்டிக் கூடத்தில் இருப்பது சிங்காசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதைக் கப்பலேற்றினர். அதில் கடைசியாக வீற்றிருந்த ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். சிங்காசனம் 1934இல் திரும்பி வந்தது. இன்று அது இருப்பது கண்டியில் அல்ல, கொழும்பில்.