மேரியன்: செய்தியாளர்களின் கணினியைப் பறித்த காவல்துறை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலச் சிற்றூர் மேரியன். அங்குள்ள வார இதழ் ‘மேரியன் கவுண்டி ரெக்கார்டு’, புதிய காவல்துறைத் தலைவர் கிடியோன் கோடியின் கடந்தகாலப் பணி குறித்து விசாரித்து வந்தது. ஒரு வரிகூட வெளியிடவில்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று அவரது காவலர்கள் இதழ் அலுவலகத்திலும் ஆசிரியர் வீட்டிலும் புகுந்து கணினிகளையும் செல்போன்களையும் அள்ளிச் சென்றனர். சொன்ன காரணம் வேறு: உணவக உரிமையாளர் ஒருவரின் ஓட்டுநர் உரிமப் பதிவைச் செய்தியாளர் பார்த்தாராம். வீட்டிலிருந்த இணை உரிமையாளர் ஜோன் மேயருக்கு வயது 98, மறுநாளே இறந்தார்.

பத்திரிகையாளரின் ஆவணங்களைப் பொதுவாக அழைப்பாணை அனுப்பியே கேட்க வேண்டும், சோதனையிட்டு எடுக்கக் கூடாது என்று அங்கே 1980லேயே சட்டம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள், ஆதாரம் போதாதென்று அரசு வழக்கறிஞரே வாரண்டைத் திரும்பப் பெற்றார், பொருட்களும் திரும்பின. நம்மை உறுத்துவது இடைப்பட்ட நாட்கள்தான். கோடியைப் பற்றி அமானிதமாகப் பேசியவர்களின் விவரங்கள் அந்தக் கணினியில்தான் இருந்தன.