அரியலூர் அரசு சிமென்ட் ஆலை

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் (டான்செம்) அரியலூரில் நடத்திவரும் ஆலை. 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சந்தை விலையை முதலாளிகளிடம் மட்டும் விட்டுவிடாமல், அரசே உற்பத்தியாளராக நிற்கும் முயற்சியின் நெடுங்கால எடுத்துக்காட்டு இது.

மூலப்பொருள்

கிரெட்டேசியக் காலத்தில் அரியலூர், பெரம்பலூர் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் படிவுகளே இங்குள்ள சிமென்ட் தொழிலின் அடித்தளம். அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமென்ட் தொழில் வேரூன்றியது. பின்னர் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் வரிசையாக எழுந்தன.

தோற்றம்

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் 1970-ல் அரசின் முதல் சிமென்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1976-ல் டான்செம் உருவாகி அதை ஏற்றுக்கொண்டது. அடுத்து ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுடன் அரியலூர் ஆலை நிறுவப்பட்டது. இதே காலத்தில்தான் பெரம்பலூரை அடுத்த எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலையும் வந்தது. வறண்ட இந்த வட்டாரத்துக்கு அரசு முதலீடு கொண்டுவந்த வேலைவாய்ப்பு பெரிது.

கட்டுப்பாடு நீக்கம்

சிமென்ட்டின் விலையையும் வினியோகத்தையும் ஒன்றிய அரசே நிர்ணயித்துவந்தது. 1982-ல் ஒரு பகுதியும், 1989-ல் முழுமையும் அக்கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. உற்பத்தி பெருகி, தட்டுப்பாடு நீங்கியது. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் பலம் பெருநிறுவனங்களின் கைக்கு மாறியது. நிறுவனங்கள் கூடிப்பேசி விலையை உயர்த்தியதாக 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் 11 நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது.

மலிவு விலைத் திட்டங்கள்

2008-ல் விலை ஏறியபோது, ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள நேரிடும் என முதலமைச்சர் மு. கருணாநிதி எச்சரித்தார். அதன்பின் சிறு வீடு கட்டுவோருக்கு மூட்டை 200 ரூபாய்க்குத் தர உற்பத்தியாளர்கள் இசைந்தனர். முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2014-ல் அறிவித்த ‘அம்மா சிமென்ட்’ திட்டம் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூட்டை 190 ரூபாய். 1,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு அதிகபட்சம் 750 மூட்டைகள். அதற்கான சிமென்ட் தனியார் ஆலைகளிடம் கொள்முதல் செய்யப்பட்டு, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்குகள் வழியே விற்கப்பட்டது. 2021 நவம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் டான்செமின் ‘வலிமை’ சிமென்ட்டை 350, 365 ரூபாய் விலைகளில் அறிமுகப்படுத்தினார். இதற்கிடையே அரியலூரில் 10 லட்சம் டன் திறனுள்ள புதிய அலகும் அமைந்திருந்தது. வரிக்கொள்கையும் மூட்டை விலையைப் பாதிக்கிறது: சிமென்ட் மீதான சரக்கு, சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பரில்தான் குறைந்தது.

நிலம் கொடுத்தவர்கள்

செந்துறை வட்டம் ஆனந்தவாடியில் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக 1980களில் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலை கேட்டு நீண்டகாலம் போராடின. கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளங்கள், ஆலைப் புழுதி, ஓயாத லாரிப் போக்குவரத்து ஆகியவை அரசு ஆலை, தனியார் ஆலை என்ற வேறுபாடின்றி மாவட்ட மக்களின் அன்றாடத் துன்பங்களாக உள்ளன.

மதிப்பீடு

அரசிடம் சொந்த ஆலை இருந்தும், மலிவு விலைத் திட்டங்களின் பெரும்பங்குச் சிமென்ட் தனியாரிடமிருந்தே வந்தது. தமிழ்நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் டான்செமின் உற்பத்தி சிறியது என்பதே காரணம். பொதுத்துறை விலையைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் சந்தையில் அதன் பங்கு வளர வேண்டும். அது மக்கள் சொத்து என்று சொல்லப்படுவதற்கு, நிலத்தை இழந்தவர்களுக்கு வேலையும் நியாயமான இழப்பீடும் கிடைத்தாக வேண்டும். ஏழையின் வீட்டுச் செலவைக் குறைக்கும் கொள்கை, இன்னொரு ஏழையின் வயலை விலையாகக் கேட்கக் கூடாது.