விதை நேர்த்தி

விதை நேர்த்தி என்பது, விதையின் மேற்பரப்பிலோ உட்புறத்திலோ தங்கி முளைப்பயிரைப் பீடிக்கும் பூஞ்சணம், பாக்டீரியா முதலிய கிருமிகளை, விதையின் ஜீவசக்திக்குப் பங்கமின்றி, விதைக்குமுன்னரே ரசாயனத்தாலோ, உஷ்ணத்தாலோ, நன்மை தரும் நுண்ணுயிர்களாலோ ஒடுக்கும் முறையாகும்.

கோதுமையின் துர்நாற்றக் கரிப்பூட்டை நோய் விதைமேல் ஒட்டிய கருந்தூளால் பரவுவதைப் பிரான்சு நாட்டு மாத்யூ தில்லே 1755இல் பரிசோதனையால் நிறுவினார். அத்தூள் பூஞ்சண வித்துக்களே என்றும், மயில்துத்தக் கரைசல் அவற்றை முளைக்கவொட்டாது தடுக்கும் என்றும் பெனெதிக்த் பிரெவோ 1807இல் காட்டினார். கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே வெளிவந்த இம்முடிவு, தாவர நோயியலில் தலையாய ஸ்தானத்துக்கு உரியது.

கோதுமையின் மற்றொரு நோயான திறந்த கரிப்பூட்டையோ விதைக் கருவினுள்ளேயே உறைவதால் மேற்பூச்சு மருந்துகளுக்கு வசப்படுவதில்லை. இதற்கென டென்மார்க்கின் யென்சன் 1880களில் வகுத்த வெந்நீர் முறையில், விதையைச் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, உறங்கும் பூஞ்சணத்தை விழிப்பித்தபின், ஏறக்குறைய 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் சுமார் 10 நிமிஷம் அமிழ்த்துவர்; வெப்பம் சற்று மிகினும் முளைப்புத்திறன் கெடும். 1930களில் பஞ்சாபில் லூத்ரா, ஊறிய விதையைக் கோடை வெயிலில் பரப்பி, ஏழை உழவனுக்கும் எட்டும் வண்ணம் அதே பயனை எய்துவித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் விதை நேர்த்தியில் பெருவழக்குற்ற பாதரசச் சேர்மங்கள் கொடிய நஞ்சாம். 1971–72இல் ஈராக்கில் அவை பூசிய விதைக்கோதுமையை ரொட்டியாக்கி உண்ட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிற்காலத்தே பல நாடுகள் அவற்றை விலக்கின. தமிழகத்தில் தற்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சணத்தைக் கலந்து விதைப்பது பயறுவகைகளில் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.